தோட்டக்கலைப் படிப்பு: பிள்ளைக்கு என்ன கிடைக்கும், ஊருக்கு என்ன கிடைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் மச்சான் போன் பண்ணினார். திட்டக்குடிக்கு மேற்கே மங்களூர் ஒன்றியத்தில் அவருக்கு மூன்றரை ஏக்கர் கரிசல் நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் மாத்தி மாத்திப் போடுவார். மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி. நல்ல மார்க்.

"பாப்பா தோட்டக்கலைதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது மச்சான். ஒரு தனியார் காலேஜ்ல சீட்டு இருக்காம். ரோட்டோரம் இருக்கிற முக்கா ஏக்கரை வித்துடலாமான்னு பாக்குறேன். ஆனா நாலு வருசம் படிச்சுட்டு வந்து என்ன பண்ணும்? செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கா பட்டம்?"

இந்தக் கேள்வி மச்சானோடது மட்டுமில்லை. நம்ம கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பலர் ஒவ்வொரு மே மாதமும் கேட்பதுதான். நம்ம ஆட்களுக்கு இதோடு இன்னொரு தயக்கமும் உண்டு. "பல்கலைக்கழகத்துக்குப் போனா மருந்தடிக்கத்தானே கத்துக்குவாங்க, நாம இருபது வருசமா கட்டிக் காத்த மண்ணுக்கு அதே பிள்ளை வந்து யூரியா எழுதிக் கொடுக்கும்" என்று ஒரு பெரியவர் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து, எனக்குத் தெரிந்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன். முதலில் என் சொந்த நஷ்டக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பின் மதிப்பு எனக்குப் புரிந்தது அதில்தான்.

எழுபது கன்று வாங்கிய கதை

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஒட்டுக்கன்றுக்கு அப்படி ஒரு கிராக்கி. விருத்தாசலம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் இருக்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் கன்றுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ரோட்டோர நர்சரி ஒன்றில் எழுபது முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். மூணாவது வருசம் காய்க்கும் என்றார்கள். மூணாவது வருசம் ஐந்தாறு மரம் மட்டும் பூத்தது. ஐந்தாவது வருசம் மற்றதும் பூத்தது, ஆனால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் கொட்டை புளியங்கொட்டை அளவு, ஒன்றில் பெரிசு ஆனால் எண்ணி இருபது.

அந்த வருசம் எங்க ஊரில் கல்லூரி மாணவிகள் சில பேர் தங்கியிருந்தார்கள். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி வேலை பழக வேண்டும் என்பது அவர்கள் பாடத்திட்டம். அதில் ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், தோட்டத்தைச் சுற்றி வந்தாள். அடிமரத்தை மட்டும்தான் பார்த்தாள். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஐயா, நட்ட முதல் வருசம் ஒட்டுக்குக் கீழ துளிர்த்ததைக் கிள்ளி விட்டீங்களா?"

கிள்ளவில்லை. கிள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துளிர்க்கிறதே என்று சந்தோசப்பட்டேன்!

அவள் சொன்ன கணக்கு இது. முப்பத்தி எட்டு மரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பே இல்லை. அது வெறும் கொட்டைக்கன்று, ஏமாத்தி விற்றிருக்கிறார்கள். இருபத்தியாறு மரத்தில் ஒட்டு இருந்தது, ஆனால் மேலே வைத்த நல்ல குச்சி செத்துப்போய், கீழே இருந்த வேர்ச்செடி தலையெடுத்து மரமாகிவிட்டது. அது என் அறியாமை. உண்மையான ஒட்டு மரம் ஆறே ஆறு. அரை மணி நேரத்தில் ஒரு சின்னப் பொண்ணு சொன்ன இந்த விசயம் எனக்கு ஐந்து வருச வெள்ளாமை. கன்று வாங்குகிற அன்றைக்கு அவள் என் பக்கத்தில் நின்றிருந்தால் பைக்குள் இருக்கிற தண்டைப் பார்த்தே சொல்லியிருப்பாள்.

நாலு வருசத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

வேளாண்மைப் பட்டம் வேறு, தோட்டக்கலைப் பட்டம் வேறு. முன்னதில் நெல், பயறு, எண்ணெய்வித்து, கரும்பு, பருத்தி என்று எல்லாம் வரும், தோட்டக்கலை ஒரு பகுதியாக வரும். பின்னதில் பழம், காய்கறி, பூ, மலைப்பயிர், வாசனைப்பயிர், மூலிகை, பூங்கா அமைத்தல், அறுவடைக்குப் பின் பாதுகாத்தல் ஆகியவைதான் பாடம். இரண்டும் நாலு வருசம், எட்டு பருவம். மண்ணியல், பூச்சியியல், நோயியல், பாசனம், பொருளாதாரம் இரண்டிலும் உண்டு. நாட்டின் மொத்த விளைச்சல் கணக்கில் 2012-13 முதல் தோட்டக்கலைப் பயிர்களின் எடை உணவுதானியத்தை முந்திவிட்டது. ஆனால் கிராமத்தில் 'அக்ரி படிச்சவங்க' என்றால்தான் மதிப்பு, 'ஹார்ட்டி' என்றால் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். இது மாற வேண்டும்.

இந்தப் படிப்பின் உயிர் எது என்று என்னைக் கேட்டால், பயிர்ப்பெருக்கம் என்பேன். ஒட்டு, பதியம், மொட்டுக்கட்டுதல் எல்லாம் அதில் அடக்கம். முந்திரியையே எடுத்துக்கொள்வோம். முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. அதனால் நல்ல மரத்தின் கொட்டையைப் போட்டால் நல்ல மரம்தான் வரும் என்று சொல்ல முடியாது. அம்மா யாரென்று தெரியும், அப்பா யாரென்று தெரியாது. அதனால்தான் இளந்தண்டு ஒட்டு. ஒன்றரை இரண்டு மாதக் கொட்டைக்கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, தாய்மரத்திலிருந்து எடுத்த பென்சில் கனமுள்ள குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். குச்சியை அன்றைக்கே வெட்டி எடுத்து வந்தால் ஒட்டாது. ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே மரத்தில் வைத்தே அதன் இலையைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் நுனிமொட்டு உப்பி, துளிர்க்கத் தயாராகும். மேலே ஒரு பாலிதீன் உறை. மூணு நாலு வாரத்தில் துளிர் வரும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். கீழே துளிர்ப்பதைக் கிள்ள வேண்டும்; அந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸைத்தான் மேலே சொன்னேனே.

இதைப் புத்தகத்தில் படித்தால் அரைப் பக்கம். கை பழகுவதற்கு நூறு கன்று வீணாக வேண்டும். கல்லூரியின் பெரிய வசதி அதுதான், வீணாக்குவதற்கு அங்கே கன்று இருக்கிறது.

இன்னொன்றையும் நம்ம ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-ல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முந்திரி எங்கிருந்து வந்தது? அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் இடையன்சாவடி ஊரிலிருந்து எடுத்த நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் வழியில் வந்தது. பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 பலா, பண்ருட்டி பக்கத்துப் பணிக்கன்குப்பத்து நாட்டுப்பலாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. உழவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற மரத்தைப் படித்தவர்கள் அடையாளம் கண்டு, கணக்கெடுத்து, பெருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் காண்பதும் கணக்கெடுப்பதும் ஒரு வித்தைதான். நம்ம ஊர்களில் இன்னும் பேர் வைக்காத பலா மரங்கள் எத்தனையோ இருக்கின்றன. சுளை தித்திப்பாக இருக்கும், வருசம் தவறாமல் காய்க்கும், அந்த வீட்டுக்காரர் போனபின் அதை வெட்டிப் பலகையாக்கிவிடுவார்கள். அதன் குச்சியை எடுத்து நாலு இடத்தில் ஒட்டி வைக்க ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

அறுவடைக்குப் பின் பாதுகாக்கும் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரண்ட் இல்லாத குளிர் அறை ஒன்று உண்டு. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மணலை நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்தால் உள்ளே காய்கறி நாலு நாள் கூடுதலாக வாடாமல் இருக்கும். நம்ம மண்பானைத் தண்ணீரின் தத்துவம்தான். இதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளை ஊரில் ஒன்றைக் கட்டிக் காட்டினால், தக்காளியைச் சாயங்காலமே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிற அவசரம் குறையும்.

மருந்தடிக்கத்தானே கத்துக்குவாங்க?

இதை மழுப்ப வேண்டியதில்லை. பூச்சியியலிலும் நோயியலிலும் இரசாயனங்களின் பெயரும் அளவும் படிக்கத்தான் வேண்டும். தேர்வில் கேட்பார்கள். இயற்கை வேளாண்மைக்கும் பாடம் உண்டு, ஆனால் மொத்தத்தில் அது சின்னப் பங்குதான். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பானைத் தெளித்ததும், தலைமுறையே முடங்கியதும், 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் நமக்குத் தெரியும். படிக்காதவர்கள் சேர்ந்து எடுத்த முடிவல்ல அந்தத் தெளிப்பு.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்தை மாத்தி மாத்தி அடித்தும் அடங்கவில்லை, மேலே மாவு மாதிரி மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. கடைசியில் அதை அடக்கியது ஒரு குட்டிக் குளவி. அந்தப் பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்தது, அதன் எதிரி நம்ம நாட்டில் இல்லை என்று கண்டுபிடித்து, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனம் தருவித்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்பட பல இடங்களில் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு சொட்டு விசம் இல்லை. இதைச் செய்தவர்களும் அதே பூச்சியியல் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள்தான்.

நம்மாழ்வார் ஐயாவையே பாருங்களேன். நம்ம மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் படித்தவர் அவர். 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி உழவனுக்கு உதவாது என்று 1969-ல் வேலையை விட்டார். 'உதவாது' என்று அவரால் அடித்துச் சொல்ல முடிந்ததற்கு, உள்ளே இருந்து பார்த்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு அதே கோவைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையையும் வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது; அதை வயலுக்குக் கொண்டுவர அதிகாரியின் நாற்காலியில் நம்ம வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தால் நல்லதா, வேறு யாரோ உட்கார்ந்தால் நல்லதா?

எங்கே படிப்பது, நிலத்தை விற்க வேண்டுமா?

விற்கக் கூடாது. மச்சானிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைக்கென்று தனிக் கல்லூரிகள் இருக்கின்றன. கோவையில் ஒன்று, பெரியகுளத்தில் 1990-ல் தொடங்கிய ஒன்று, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் 2012-ல் பெண்களுக்கென்றே தொடங்கிய ஒன்று. செடிமுருங்கை என்று நாம் சொல்லும் பி.கே.எம். 1 பெரியகுளத்தில் பிறந்ததுதான், பேரிலேயே ஊர் இருக்கிறது. திட்டக்குடிக்காரர்களுக்கு நாவலூர் குட்டப்பட்டு வசதி, தொழுதூரில் பஸ் ஏறினால் திருச்சி. இன்னொன்று சிதம்பரம். நம்ம வெள்ளாறு கடலில் சேருகிற பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அங்கேயும் தோட்டக்கலைப் பட்டம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பஸ் மாறினால் போதும்.

வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது தாவரவியல்-விலங்கியல் எடுத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. தொழிற்பிரிவில் வேளாண்மை எடுத்துப் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. விண்ணப்ப முறை வருசத்துக்கு வருசம் கொஞ்சம் மாறுவதால் மே மாதத்திலேயே பல்கலைக்கழக இணையதளத்தைப் பிள்ளையை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். தரகர் பேச்சை நம்ப வேண்டாம்.

முக்கியமான விசயம் இதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ல் வந்த சட்டப்படி வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மச்சான் மகள் இதற்குத் தகுதியானவள். அவருக்கு இது தெரியவே தெரியாது! சீட்டு வாங்கித் தருவதாகச் சொன்ன ஆளும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் உதவி வேறு இருக்கிறது, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

இங்கிலீஷ் பயம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சேதி. 2021-22 முதல் கோவையில் தோட்டக்கலைப் பட்டத்தைத் தமிழ்வழியிலும் நடத்துகிறார்கள். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் இங்கிலீஷைக் கூடவே பழகிக்கொள்வது நல்லது.

தனியார் கல்லூரி என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டத்தோடு மேற்படிப்புக்கும் அரசுத் தேர்வுக்கும் போகும்போதுதான் சிக்கல் தெரியும், அப்போது விற்ற நிலம் திரும்ப வராது. அப்புறம், அவர்களின் சொந்தப் பண்ணையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தைக் காட்டுகிறவர்கள் நிறைய, கன்று வளர்க்கிற இடத்தைக் காட்டுகிறவர்கள் குறைவு.

பட்டத்துக்கு மார்க் பத்தாதா? இரண்டு வருச தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது. வயல் வேலையை விட முடியாத இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இயக்ககம் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது.

படிச்சு முடிச்சா?

அரசு வேலையைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை 1979-ல் தனித் துறையானது. டிப்ளமோ படித்தவர்கள் உதவி தோட்டக்கலை அலுவலராகலாம். பட்டதாரிகள் தோட்டக்கலை அலுவலர், முதுநிலை முடித்தவர்கள் உதவி இயக்குநர். மூன்றும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாகத்தான். வருசா வருசம் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார முடியாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலை உண்டு, ஐ.பி.பி.எஸ். சிறப்பு அலுவலர் தேர்வு எழுத வேண்டும், தோட்டக்கலைப் பட்டம் அதற்குச் செல்லும். நபார்டு வங்கியும் இருக்கிறது. முதுநிலை, முனைவர் பட்டம் வரை போனால் பல்கலைக்கழக ஆசிரியர், ஆராய்ச்சியாளர், வேளாண் அறிவியல் நிலையத்து வல்லுநர் ஆகலாம்.

தனியார் வேலைகளில் விதை நிறுவனம், சொட்டுநீர் நிறுவனம், திசு வளர்ப்புக்கூடம், ஓட்டல்-மருத்துவமனை-குடியிருப்புகளுக்குப் பூங்கா அமைக்கும் வேலை எல்லாம் உண்டு. வளைகுடா நாடுகளுக்கும் பூங்கா வேலைக்குப் போகிறார்கள். ஆனால் கல்லூரியை விட்டு வெளியே வரும் பிள்ளையை முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் மருந்துக் கம்பெனிதான். பைக் கொடுப்பார்கள், மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கும் கொடுப்பார்கள். பூச்சிக்கொல்லி சில்லறைக் கடை உரிமத்துக்கு இப்போது வேளாண்மையோ அறிவியலோ படித்த தகுதி கேட்பதால், சான்றிதழைக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். உங்கள் பிள்ளையிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்துவிட்டால் பிறகு பேசுவது கஷ்டம்.

நம்ம பக்கம் சாய்ந்த வேலைகளும் பெருகி வருகின்றன. இயற்கை விளைபொருளுக்குச் சான்று கொடுக்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையிலும், தனியார் சான்று நிறுவனங்களிலும் வயலாய்வுக்குப் படித்தவர்கள் தேவை. ஒரு வருடப் பயிருக்கு இரண்டு வருசம், மரப்பயிருக்கு மூணு வருசம் மாறுதல் காலம் என்பதால் தோட்டத்துக்காரர்களுக்குத்தான் பதிவேட்டு வேலை அதிகம். நம்ம குழுக்களில் பாதிப் பேர் சான்று வாங்காமல் இருப்பதற்குக் காரணம் வயலில் குற்றம் இருப்பதல்ல, பதிவேடு எழுத ஆளில்லாததுதான். ஊரில் ஒரு பட்டதாரி இருந்து நாற்பது வீட்டுப் பதிவேட்டைப் பார்த்தால், வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தாலே அது ஒரு சம்பளம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் தலைமைச் செயல் அலுவலர் வேலைக்கும் இந்தப் பட்டம் பொருந்தும். 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வரும் கம்பெனிகளுக்கு அந்தச் சம்பளத்தில் முதல் மூணு வருசம் உதவியும் உண்டு.

சொந்தத் தொழில் தொடங்க 2002 முதல் ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையம் என்பார்கள். வேளாண்மை, தோட்டக்கலை படித்தவர்களுக்கு 45 நாள் இலவசப் பயிற்சி. தனி ஆளுக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன், அதில் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 44 சதவீதம். மாநில அரசும் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பட்டதாரிகள், பட்டயதாரிகள் நடத்தும் 1000 உழவர் நல சேவை மையங்களுக்கு 30 சதவீத மானியம் அறிவித்தது. மையம் என்றால் மருந்து விற்கும் கடை என்றுதான் வங்கி மேலாளர் நினைப்பார். நர்சரி, மண்புழு உரம், உயிர் உரம், ஒட்டுண்ணி வளர்ப்பு என்று திட்ட அறிக்கை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

திட்டக்குடி பக்கம் உண்மையில் என்ன தேவை என்று நானும் மச்சானும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். மக்காச்சோளத்தில் 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து செலவு ஏறிக்கொண்டே போகிறது. கரும்பு போட்டவர்கள் பணத்துக்கு அலைந்து ஓய்ந்துவிட்டார்கள். வரப்பிலும் மேட்டிலும் மரப்பயிர் வைக்கலாம் என்று பலருக்கும் ஆசை, வெலிங்டன் ஏரிப் பாசனத்தில் காய்கறி வைக்கவும் ஆசை. நம்பி வாங்க நாற்றும் கன்றும் இல்லை. கன்றுக்கு விருத்தாசலம் போக வேண்டும், இல்லையென்றால் லாரியில் வெளிமாவட்டத்திலிருந்து வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும். இது எந்த மரத்துக் குச்சி, என்றைக்கு ஒட்டியது என்று அட்டையில் எழுதிக் கட்டி விற்கிற ஒரு நர்சரி இந்தத் தாலுகாவில் இருந்தால் போதும். அரை ஏக்கர், ஒரு நிழல்வலைக் கூடாரம், பத்துப் பதினைந்து தாய்மரம், தண்ணீர். மச்சான் விற்கப் பார்த்த முக்கால் ஏக்கர் ரோட்டோரத்தில்தான் இருக்கிறது, போர் இருக்கிறது.

"அப்ப அதை விக்க வேணாங்கறீங்க" என்றார்.

"பாப்பாவைக் கேளுங்க" என்றேன்.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. உள் ஒதுக்கீட்டுச் சான்றிதழைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் வாங்கி இணைத்தார்கள். இதை எழுதும்போது கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே பையில் முந்திரிக்கொட்டை ஊன்றி வைத்திருந்தாளாம். ஆனிக் கடைசியில் என் தோட்டத்துக்கு வந்து, அந்த ஆறு மரத்தில் இலை கிள்ளிவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து அவங்க அத்தையோட அரிவாள்மனையைக் கேட்டாள், நான் பிளேடு வாங்கிக் கொடுத்தேன். பத்துக் கன்றில் ஒட்டினாள். ஆடிக்காற்றில் ஏழு காய்ந்துவிட்டது, மூணு துளிர்த்திருக்கிறது. காய்ந்த ஏழையும் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாகக் கட்டைப் பிரித்துப் பார்த்து, எது எங்கே கறுத்திருக்கிறது என்று ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறாள்.